புள்ளி வைத்தா, வைக்காமலா? இமெயில் முகவரி எடுக்கும் முன் ஒரு ஒப்பீடு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து எங்கள் கணினி மையத்தில் உட்கார இடம் இருக்காது. கவுன்சிலிங் விண்ணப்பம், உதவித்தொகை, புது வங்கிக் கணக்கு என்று வரிசையாக வருவார்கள். எல்லாப் படிவத்திலும் தொடக்கத்திலேயே இமெயில் ஐடி கேட்கும். கேள்விகளும் அங்கேதான் தொடங்கும்.

"அண்ணா, இனிஷியலுக்கு அப்புறம் புள்ளி வைக்கணுமா?"

"எங்கிட்ட அண்டர்ஸ்கோர் போட்ட ஐடி இருக்கு. அதையே கொடுக்கலாமா, புதுசா எடுக்கணுமா?"

"அப்பா ஐடியில கூட்டல் குறி போட்டு தங்கச்சிக்கும் பதிஞ்சுட்டா போதும்னு பையன் சொல்றான், சரியா சார்?"

ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் பெயருக்குள் ஒரு புள்ளி சேர்ந்தால் ஒரு நிறுவனத்தில் அது அதே ஆள், இன்னொரு நிறுவனத்தில் வேறு ஆள். தெரியாமல் எடுத்த முகவரியால் அலைந்த பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அதனால் நாலைந்து சேவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதிவிடுகிறேன். எடுத்துக்காட்டு முகவரிகளை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். பதிவு செய்யும்போது அவை ஆங்கில எழுத்துகள் என்பதை நினைவில் வைத்து வாசியுங்கள்.

## யார் முடிவு செய்கிறார்கள்?

இமெயில் முகவரியில் '@' குறிக்கு வலப்பக்கம் இருப்பது டொமைன். அதற்கு உலகம் முழுக்க ஒரே விதி. பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அங்கே ஒன்றுதான். இடப்பக்கம் இருப்பது பெயர்ப்பகுதி. அதற்கு அப்படிப் பொது விதி கிடையாது. அஞ்சல் பரிமாற்றத்தின் அடிப்படை ஆவணமான ஆர்எஃப்சி 5321, 2008இல் வெளியானது. பெயர்ப்பகுதிக்குப் பொருள் சொல்லும் உரிமையை அது அந்த டொமைனை நடத்துகிற நிறுவனத்துக்கு மட்டுமே விட்டுவிட்டது. பெயர்ப்பகுதி 64 எழுத்துக்கு மேல் போகக் கூடாது, புள்ளியில் தொடங்கவோ முடியவோ கூடாது, இரண்டு புள்ளி அடுத்தடுத்து வரக் கூடாது என்பன போன்ற வடிவக் கட்டுப்பாடுகள் உண்டு. ஜப்பானில் டோகோமோ கைபேசி நிறுவனம் இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டைக்கூட மீறி முகவரிகள் கொடுத்திருந்தது. வெளி நிறுவனங்களின் சர்வர்கள் அவற்றை ஏற்க மறுத்ததால் சிரமப்பட்டவர்கள் அங்கே நிறைய.

ஆக, "இந்தப் புள்ளி எனக்குப் பொருட்டில்லை" என்று ஜிமெயில் சொல்லலாம். ஆனால் அதை உங்கள் வங்கியோ, கவுன்சிலிங் தளமோ, ரயில் டிக்கெட் தளமோ தெரிந்து வைத்திருக்க வேண்டியதில்லை. அவர்களுடைய பட்டியலில் உங்கள் முகவரி வெறும் எழுத்துக் கோவை. ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள். நான் பார்த்த சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் பிறக்கின்றன.

## எதையெல்லாம் வைத்து ஒப்பிடலாம்?

ஒரு சேவையைத் தேர்ந்தெடுக்கும் முன் நான் கேட்டுக்கொள்பவை இவை. புள்ளியை அது கணக்கில் எடுக்கிறதா? ஒரே முகவரியில் கிளை பிரித்துக்கொள்ள கூட்டல் குறியோ ('மலர்விழி+கடை' என்று பின்னொட்டு சேர்த்துக் கொடுத்தாலும் மெயில் 'மலர்விழி'யின் இன்பாக்ஸுக்கே வரும்) வேறு வழியோ தருகிறதா? முழுக்க வேறு பெயரில் மாற்று முகவரி (அலியாஸ் என்பார்களே, அது) கிடைக்குமா? ஃபோனில் எழுத்துக் கூட்டிச் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் தப்பில்லாமல் எழுதிக்கொள்வாரா? பத்து வருடம் கழித்து அந்தப் பெயர் இன்னும் நம் கையில்தான் இருக்குமா?

முதல் மூன்றுக்கும் அட்டவணையில் பதில் சொல்லிவிடலாம்.

| சேவை | புள்ளி | கிளை பிரிக்கும் குறி | வேறு பெயரில் மாற்று முகவரி |
|---|---|---|---|
| ஜிமெயில் | பொருட்டில்லை | கூட்டல் | இல்லை |
| அவுட்லுக், ஹாட்மெயில் | வேறு முகவரியாகிவிடும் | கூட்டல் | உண்டு, 10 வரை |
| யாஹூ | வேறு முகவரியாகிவிடும் | ஹைபன், தனி அடிப்பெயரோடு | கிளை முகவரியே அந்த வேலையைச் செய்யும் |
| ஐகிளவுட் | வேறு முகவரியாகிவிடும் | கூட்டல் | உண்டு, 3 வரை |
| புரோட்டான் | பொருட்டில்லை. ஹைபன், அண்டர்ஸ்கோரும் அப்படியே | கூட்டல் | உண்டு, திட்டத்தைப் பொறுத்து |
| சொந்த டொமைன் | நடத்தும் சேவையைப் பொறுத்து | பெரும்பாலும் கூட்டல் | நீங்கள் வைப்பதுதான் |

கடைசி இரண்டு கேள்விகளுக்குக் கட்டத்துக்குள் பதில் அடங்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

## ஜிமெயில்

2004 ஏப்ரலில் வந்தது. நம் ஊரில் இமெயில் என்றாலே ஜிமெயில்தான் என்று ஆகிவிட்டது, அதனால் இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும்.

ஜிமெயில் டாட் காம் என்று முடியும் முகவரிகளில் புள்ளிக்கு மதிப்பே கிடையாது. 'கே.மலர்விழி' என்று பதிந்தாலும், யாராவது 'கேமலர்விழி' என்று அனுப்பினாலும், 'கே.மலர்.விழி' என்று அனுப்பினாலும் ஒரே இன்பாக்ஸுக்கு வரும். இந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் 11 எழுத்து. நடுவில் புள்ளி வைக்கக்கூடிய இடம் 10. வைத்தும் வைக்காமலும் பார்த்தால் 1,024 வடிவங்கள் வரும். அத்தனையும் உங்களுடையவை, அவற்றில் ஒன்றைக்கூட வேறு யாரும் பதிய முடியாது, பெயர் ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது என்று சொல்லிவிடும்.

இனிஷியல் போட்டு எழுதும் நமக்கு இது பெரிய வசதி. சான்றிதழில் 'கே. மலர்விழி' என்று இருக்கும். அலுவலர் பழக்கதோஷத்தில் இனிஷியலுக்குப் பின் புள்ளி வைத்துவிடுவார். ஜிமெயிலில் அது தவறாகாது. அண்டர்ஸ்கோருக்கும் ஹைபனுக்கும் ஜிமெயில் பெயரில் இடமே இல்லை. எழுத்து, எண், புள்ளி மட்டும், 6 முதல் 30 எழுத்து வரை. ஆகவே உங்கள் ஜிமெயிலில் அண்டர்ஸ்கோர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தால், ஒருமுறை திறந்து சரிபார்த்துவிடுங்கள். அது யாஹூவாகவோ ஹாட்மெயிலாகவோ இருக்கலாம்.

ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். "என் பெயரிலேயே புள்ளி வைத்து இன்னொருத்தர் ஐடி வைத்திருக்கிறார், அவர் மெயிலெல்லாம் எனக்கு வருகிறது" என்று பலர் பயந்துபோய் வருகிறார்கள். அப்படி இன்னொருத்தர் இருக்க வழியில்லை. அந்த மனிதர் தன் முகவரியை எங்கேயோ தப்பாகக் கொடுத்திருக்கிறார்; ஓர் எண்ணை விட்டிருப்பார், அல்லது ஓர் எழுத்தை மாற்றியிருப்பார். உங்கள் இன்பாக்ஸை யாரும் பங்கு போட்டுக்கொள்ளவில்லை.

இனி, வெளியே தெரியாத செலவுகள்.

முதலாவது, வெளித் தளங்களில் இரட்டைக் கணக்கு. போன ஆண்டு ஒரு பெண் வந்தாள். வேலைவாய்ப்புத் தளம் ஒன்றில் முதலாம் ஆண்டிலேயே புள்ளி வைத்துப் பதிந்திருக்கிறாள். இறுதியாண்டில் புள்ளி இல்லாமல் உள்ளே நுழையப் பார்த்தால் "இப்படி ஒரு கணக்கு இல்லை" என்கிறது. புதிதாகப் பதிந்தால் "இந்தக் கைபேசி எண் வேறு கணக்கில் இருக்கிறது" என்கிறது. பாஸ்வேர்டு மாற்றும் மெயிலும் வரவில்லை. வரவே வராது, அந்தத் தளத்தின் கண்ணில் அவள் வேறு ஆள். இன்பாக்ஸில் பழைய மெயிலைத் தேடி, புள்ளி எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க அரை நாள் ஆனது. கடைசித் தேதிக்கு முந்தைய நாள் அது.

இரண்டாவது, மோசடி. முகவரி உண்மையானதுதானா என்று சரிபார்க்காமலே கணக்குத் திறக்க விடும் சேவைகள் இருக்கின்றன. உங்கள் ஜிமெயிலில் ஒரு புள்ளியை நகர்த்தி வைத்து ஒருவர் அங்கே கணக்குத் தொடங்குகிறார். இலவசக் காலம் முடிந்ததும் "உங்கள் கார்டு செல்லவில்லை, புதிய எண்ணைக் கொடுங்கள்" என்ற மெயில் உங்களுக்கு வருகிறது. அனுப்பியது உண்மையான நிறுவனம், இணைப்பும் உண்மையானது. நம் கணக்கு என்று நினைத்துக் கார்டு எண்ணைக் கொடுத்துவிட்டால், பணம் அவருடைய சந்தாவுக்குப் போகும். 2019இல் அகாரி என்ற அமெரிக்கப் பாதுகாப்பு நிறுவனம் இன்னொரு வகையை வெளிக்கொண்டுவந்தது. ஒரு மோசடிக் கும்பல் ஒரே ஜிமெயிலின் பல புள்ளி வடிவங்களை வைத்து அமெரிக்க நிதி நிறுவனங்களில் 48 கிரெடிட் கார்டு விண்ணப்பம் போட்டு, குறைந்தது 65,000 டாலர் கடன் வாங்கியிருந்தது. நிறுவனங்களுக்கு அவை வெவ்வேறு மனிதர்கள். கும்பலுக்கு எல்லாப் பதிலும் ஒரே இடத்தில் வந்து விழுந்தது.

மூன்றாவதுதான் பிள்ளைகளை அதிகம் பாதிப்பது. புள்ளிச் சலுகை ஜிமெயில் டாட் காம் முகவரிக்கு மட்டும். கல்லூரியோ அலுவலகமோ தன் டொமைனில் கூகுள் வழியாகக் கொடுக்கும் முகவரியில் புள்ளி கணக்கில் வரும். திரை அதே ஜிமெயில் திரை, நிறம்கூட மாறாது. அதனால் விதியும் அதேதான் என்று நினைத்துவிடுகிறார்கள். கல்லூரி கொடுத்த முகவரியில் இனிஷியலுக்கு முன்னால் இருந்த புள்ளியை விட்டுவிட்டு உதவித்தொகைக்குப் பதிந்த ஒரு மாணவனுக்கு, குறை திருத்தச் சொல்லி வந்த மெயில் கடைசி வரை கிடைக்கவில்லை. அந்த ஆண்டு பணம் போனது போனதுதான். அவன் அம்மா வந்து கேட்டபோது என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எப்போது ஜிமெயில் சரி? பெயரில் இனிஷியல் இருக்கிறவர்கள், முகவரியை வாய்வழியாகச் சொல்ல வேண்டியவர்கள், முதன்முறை முகவரி எடுக்கும் மாணவர்கள் ஆகியோருக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒன்று மட்டும்: புள்ளி இல்லாமலே பதியுங்கள், எல்லா இடத்திலும் புள்ளி இல்லாமலே கொடுங்கள். சலுகையை அடுத்தவர் செய்யும் தவறுக்கு ஒதுக்கி வையுங்கள். இரண்டு ஆண்டு திறக்காமல் விட்ட கணக்கை நீக்கும் உரிமையைக் கூகுள் வைத்திருக்கிறது, 2023 டிசம்பரிலிருந்து அதைச் செயல்படுத்தவும் தொடங்கியது. எனவே வீட்டுப் பெரியவர்களுக்கு எடுத்துக் கொடுத்தால் அவ்வப்போது உள்ளே போய்வாருங்கள்.

## அவுட்லுக், ஹாட்மெயில்

1996இல் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயிலை அடுத்த ஆண்டே மைக்ரோசாஃப்ட் வாங்கியது. இங்கே புள்ளி ஓர் எழுத்தைப் போலவே. 'கே.மலர்விழி' ஒருவர், 'கேமலர்விழி' இன்னொருவர், அண்டர்ஸ்கோர் போட்டால் மூன்றாமவர். இனிஷியல் புள்ளியை யார் எங்கே வைப்பார், எங்கே விடுவார் என்று தெரியாத நம் சூழலில் இது உண்மையான ஆபத்து. தவறிப்போன மெயில் திரும்பி வந்தாலாவது அனுப்பியவருக்குத் தெரியும். அந்த இன்னொரு வடிவத்தில் நிஜமாகவே ஓர் ஆள் இருந்தால், உங்கள் சம்பளச் சீட்டு சத்தமில்லாமல் அவரிடம் போய்விடும்.

ஆனால் இதன் மாற்று முகவரி வசதிக்கு ஈடாக இலவச ஜிமெயிலில் எதுவும் இல்லை. ஒரே கணக்கில் முற்றிலும் வேறு வேறு பெயரில் 10 முகவரி வரை வைத்துக்கொள்ளலாம். கடைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று. எல்லாம் ஒரே இன்பாக்ஸ். எந்தப் பெயரிலிருந்து பதில் அனுப்புவது என்றும் தேர்ந்தெடுக்கலாம். இதைவிட முக்கியம், எந்தெந்தப் பெயரைக் கொண்டு உள்நுழையலாம் என்பதையும் நீங்களே அமைக்கலாம். விசிட்டிங் கார்டில் அச்சடிக்கும் பெயருக்கு உள்நுழைவை மூடிவிட்டு, யாருக்கும் சொல்லாத பெயரில் மட்டும் திறந்து வைத்தால், கார்டைப் பார்த்துப் பாஸ்வேர்டு ஊகிக்க முயல்பவருக்குக் கதவே கிடைக்காது.

இந்தப் பாதுகாப்புக்காகவே சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கிறேன். புள்ளிப் பிரச்சினைக்கும் இதிலேயே தீர்வு இருக்கிறது: புள்ளி உள்ள பெயர், இல்லாத பெயர் இரண்டும் காலியாக இருந்தால் இரண்டையும் எடுத்து ஒரே கணக்கில் சேர்த்துவிடுங்கள். பத்தில் ஓர் இடம் அதற்குப் போனாலும் நஷ்டமில்லை.

## யாஹூ

இங்கே கூட்டலுக்குப் பதில் ஹைபன். அமைப்புகளில் ஓர் அடிப்பெயரை முதலில் தேர்ந்தெடுப்பீர்கள். அது உங்கள் உண்மைப் பெயராக இருக்க வேண்டியதில்லை. பிறகு 'அடிப்பெயர்-கடை', 'அடிப்பெயர்-வங்கி' என்று கிளைகளை உருவாக்கலாம். வேண்டாதபோது அந்தக் கிளையை மட்டும் நீக்கலாம்.

கூட்டல் குறி முகவரியில் உண்மைப் பெயர் வெளியே தெரியும். ஸ்பேம் அனுப்புகிறவர் கூட்டலிலிருந்து பின்பகுதியை வெட்டினால் போதும், உங்கள் அசல் முகவரி அவர் கையில். யாஹூ முறையில் வெட்டினாலும் அடிப்பெயர்தான் மிஞ்சும். மறைப்புக்கு இது மேலானது.

ஆனால் பத்து வருடக் கேள்விக்கு வரும்போது எனக்குத் தயக்கம். 2013இல் யாஹூ 12 மாதத்துக்கு மேல் பயன்படுத்தாத பெயர்களை விடுவித்துப் புதியவர்களுக்குக் கொடுத்தது. வாங்கியவர்களில் சிலருக்குப் பழைய உரிமையாளருக்கு உரிய மெயில்கள் வந்து சேர்ந்தன. வங்கியோ வேறு தளமோ பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பை அந்தப் பெயருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே யாஹூ வைத்து ஒழுங்காகப் பயன்படுத்தி வருகிறவர் மாற வேண்டியதில்லை. கல்லூரிக் காலத்தில் எடுத்து மறந்துபோன யாஹூ ஐடி இன்னும் உங்கள் வங்கிக் கணக்கிலோ ஓய்வூதியக் கணக்கிலோ இருந்தால், இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

## ஐகிளவுட்

ஐஃபோன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பொருந்தும் பேச்சு. புள்ளி கணக்கில் வரும். கூட்டல் வேலை செய்யும். மூன்று மாற்று முகவரி வரை கிடைக்கும். கட்டணத் திட்டத்தில் 2021 முதல் தற்செயல் எழுத்துகளால் ஆன மறைப்பு முகவரிகளை வேண்டிய அளவு உருவாக்கலாம். ஷாப்பிங் தளங்களுக்கு நன்று. சான்றிதழ் சார்ந்த எதற்கும் மறைப்பு முகவரி வேண்டாம்; ஆன்ட்ராய்டுக்கு மாறி, திட்டத்தையும் நிறுத்தியவர்களுக்கு எந்தத் தளத்தில் எந்த எழுத்துக் கோவையைக் கொடுத்தோம் என்பதே நினைவிருக்காது.

## புரோட்டான்

சுவிட்சர்லாந்து நிறுவனம், 2014இல் தொடங்கியது. பெயர் வடிவத்தில் எல்லோரையும்விடத் தாராளமானது இதுதான். புள்ளி மட்டுமல்ல, ஹைபன், அண்டர்ஸ்கோர், பெரிய எழுத்து எதுவும் வேறு முகவரி ஆக்காது. 'மலர்_விழி', 'மலர்-விழி', 'மலர்.விழி' மூன்றும் ஒரே வீடு. ஏமாற்ற நினைப்பவர் உங்கள் பெயரை ஒட்டி ஒரு குறியை மாற்றிப் போலி முகவரி எடுக்கவும் முடியாது. இது எனக்கு மிகவும் பிடித்த அம்சம்.

பாதகம், நம் ஊரில் எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த டொமைன் பழக்கமில்லை. 'புரோட்டான் டாட் மீ' என்று சொன்னால் "ஜிமெயில் இல்லையா மேடம்?" என்று கேட்டு, அவராகவே ஜிமெயில் என்று எழுதிவிடுகிறார். இடப்பக்கத்தில் கிடைத்த பாதுகாப்பு வலப்பக்கத்தில் போய்விடுகிறது. முகவரியை நீங்களே தட்டச்சு செய்யும் இடங்களுக்கு நல்லது. வாயால் சொல்லும் இடங்களுக்கு வேண்டாம்.

## சொந்த டொமைன்

கடை, மருத்துவமனை, அறக்கட்டளை நடத்துகிறவர்கள் இதைப் பற்றி யோசிக்கலாம். டொமைனை வாங்கி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவிலோ கூகுளிலோ மைக்ரோசாஃப்டிலோ இணைத்தால் போதும். எந்தப் பெயருக்கு வந்தாலும் ஓர் இன்பாக்ஸில் சேர்க்கும் 'கேட்ச் ஆல்' அமைப்பைப் போட்டுவிட்டால் புள்ளி, ஹைபன், எழுத்துப்பிழை எதுவும் மெயிலைத் தடுக்காது. கூடவே ஸ்பேமும் கொட்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதில் பெரிய செலவு ஆண்டுச் சந்தா அல்ல. புதுப்பிக்க மறந்தால் அந்த டொமைனை வேறொருவர் வாங்கலாம்; அன்றிலிருந்து உங்கள் பெயருக்கு வரும் ஓடிபி உட்பட எல்லாம் அவருக்கு. எனவே டொமைனைப் பதிவு செய்த இடத்தில் தொடர்பு முகவரியாக அதே டொமைன் முகவரியைக் கொடுக்காதீர்கள். வேறு ஒரு நிலையான முகவரியைக் கொடுங்கள்.

## கூட்டல் குறி எங்கே உடைகிறது?

பெரும்பாலான சேவைகள் கூட்டலை ஏற்றுக்கொள்கின்றன என்று அட்டவணை சொல்கிறது. நடைமுறையில் பிரச்சினை வருவது படிவத்தில். பல தளங்கள் கூட்டல் குறியைப் பார்த்ததும் "சரியான இமெயில் கொடுக்கவும்" என்று நிறுத்திவிடும். அதுகூடப் பரவாயில்லை. பதியும்போது ஏற்றுக்கொண்டு பிறகு தடுமாறுவதுதான் மோசம். இணையப் படிவங்களில் இடைவெளியைக் கூட்டல் குறியாக எழுதும் மரபு உண்டு. மெயிலில் வரும் உறுதிப்படுத்தும் இணைப்பைத் தளத்தின் மென்பொருள் கவனமாக உருவாக்காவிட்டால், 'மலர்விழி+கடை' என்பது 'மலர்விழி கடை' என்று இடைவெளியாகப் படிக்கப்படும். இணைப்பை எத்தனை முறை தட்டினாலும் கணக்கு கிடைக்காது. சந்தாவை நிறுத்தும் இணைப்பிலும் இதே தொல்லை.

குடும்பத்தில் ஒரே முகவரியைப் பகிர்வதற்கும் இதையே பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் தனி இமெயில் வேண்டும் என்று தளம் கேட்கும். அப்பா முகவரியோடு '+மூத்தவள்', '+இளையவன்' என்று போட்டால் ஏற்றுக்கொள்ளும். அந்த ஒரு மாலைக்கு வேலை முடிந்துவிடும். மூன்று வருடம் கழித்து மகள் வெளியூரில் இருப்பாள், சான்றிதழ் சரிபார்ப்புக்கு ஓடிபி அப்பாவின் இன்பாக்ஸுக்கு வரும், அப்பா வயலிலோ பேருந்திலோ இருப்பார். ஐந்து நிமிடத்தில் ஓடிபி காலாவதியாகும். பதினெட்டு வயது ஆகிற பிள்ளைக்குத் தனி முகவரி எடுத்துக் கொடுங்கள் என்று ஒவ்வொரு பெற்றோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் இடத்தில் அவர்களுடைய முகவரியைப் பதிந்துவிடுவதாகச் சொன்னால் அதற்கும் சம்மதிக்காதீர்கள். எங்கள் தொழிலில் இது நடக்கிறது என்பதால்தான் சொல்கிறேன்.

கூட்டலுக்கு நல்ல இடம் ஷாப்பிங், செய்திமடல், ஒருமுறைப் பதிவு. எந்தத் தளத்திலிருந்து உங்கள் முகவரி கசிந்தது என்பது பின்னொட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

## பெரிய எழுத்தும் எழுத்துப்பிழையும்

ஆர்எஃப்சி 5321 விதிப்படி பெயர்ப்பகுதியில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு என்று வைத்துக்கொள்ள ஒரு சர்வருக்கு அனுமதி உண்டு. ஆனால் மேலே சொன்ன சேவைகள் எதுவும் அப்படிச் செய்வதில்லை. ஆபத்து மறுபடியும் வெளித் தளத்தில்தான். கைபேசி விசைப்பலகை முதல் எழுத்தைத் தானாகவே பெரிதாக்கிவிடும். சில பழைய தளங்கள் அதை அப்படியே சேமித்து, அடுத்த முறை சின்ன எழுத்தில் வந்தால் அடையாளம் தெரியாமல் விழிக்கும். பதியும்போது முதல் எழுத்தை ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

புள்ளியை மன்னிக்கும் சேவைகூட எழுத்துக்கூட்டலை மன்னிக்காது. மலர்விழியின் ழகரத்துக்கு ஒருவர் 'இசட் எச்' போடுவார், இன்னொருவர் 'எல்' போடுவார். செந்திலில் 'எச்' உண்டா, லட்சுமியில் 'கே எஸ்' வருமா 'எக்ஸ்' வருமா என்று ஆளுக்கொரு வழக்கம். அதனால் ஆதார் அட்டையில் ஆங்கிலத்தில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்துக்கூட்டலை முகவரியிலும் வையுங்கள். கவுன்டரில் அட்டையையே காட்டிவிடலாம்.

தமிழ் எழுத்திலேயே முகவரி வைக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். 2012இல் வந்த ஆர்எஃப்சி 6531 அதற்கு வழி செய்தது. ஜிமெயில் 2014 முதல் இப்படிப்பட்ட முகவரிகளுக்கு அனுப்பவும் அவற்றிடமிருந்து பெறவும் செய்கிறது. மனதார விரும்புகிறேன், ஆனால் இன்றைக்கு முதன்மை முகவரியாகச் சொல்ல மாட்டேன். பல படிவங்கள் ஆங்கில எழுத்தை மட்டுமே எதிர்பார்க்கின்றன. அதோடு 'கொ' என்பதில் உள்ள துணைக்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு வகுக்கும் பொதுத் தரமான யூனிகோட் இரண்டையும் சமம் என்றே வரையறுத்திருக்கிறது. ஆனால் அப்படிச் சமப்படுத்திப் பார்க்கும் வேலையைத் தளத்தின் மென்பொருள் செய்ய வேண்டும். செய்யாவிட்டால், திரையில் துளியும் வேறுபாடு தெரியாத இரண்டு முகவரி உருவாகிவிடும். புள்ளியாவது கண்ணுக்குத் தெரியும்.

## ஏற்கெனவே கலந்து கொடுத்துவிட்டவர்களுக்கு

அண்டர்ஸ்கோர் ஐடி வைத்திருந்த பையனுக்கு நான் சொன்னது இது: பழையதை மூடாதே, ஜிமெயிலில் குறி எதுவும் இல்லாத ஒரு பெயரை எடு, வங்கி முதலில், படிப்பு அடுத்து, மற்றவை பிறகு என்று ஒவ்வொன்றாக மாற்று. பழையதற்கு மெயில் வருவது நிற்கும் வரை மாதம் ஒருமுறை திறந்து பார்.

ஜிமெயிலில் சில இடத்தில் புள்ளியோடும் சில இடத்தில் புள்ளி இல்லாமலும் கொடுத்திருக்கிறீர்களா? எந்தத் தளத்திடம் எந்த வடிவம் இருக்கிறது என்று அந்தத் தளத்திலிருந்து வந்த மெயிலே சொல்லும். மெயிலைத் திறந்து, அனுப்பியவர் பெயருக்குக் கீழே இருக்கும் சின்ன அம்புக்குறியைத் தட்டினால், அவர்கள் எந்த வடிவத்துக்கு அனுப்பினார்களோ அது அப்படியே தெரியும். ஒரு நோட்டில் இரண்டு பத்தி போட்டு, தளத்தின் பெயரையும் அதற்குக் கொடுத்த வடிவத்தையும் எழுதி வையுங்கள். கடைசித் தேதி நெருங்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அமைப்புகளுக்குள் போய் எல்லாவற்றையும் புள்ளி இல்லாத வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம்.